பழைய மாத்திரையா, புது மாத்திரையா? துடிப்பு தவறிய இதயத்தோடு வாழும் நம் ஊர்ப் பெண்களுக்கு

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறிவிட்டது, ரத்தம் உறையாமல் இருக்க இனிமேல் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், வீட்டார் சீட்டோடு மருந்துக்கடைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "பழைய மாத்திரை நல்லதா, புதுசு நல்லதா?" தருமபுரி மாவட்டத்தில் மருந்தாளுநராக இருந்து இந்தக் கேள்வியைத் தொடர்ந்து எதிர்கொள்பவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி பெண் என்றால், அதற்கு முன்பு இன்னொரு கேள்வி இருக்கிறது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவு போல இருக்கும் மிட்ரல் வால்வு அவருக்கு எப்படி இருக்கிறது? எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தாகிவிட்டதா? அதற்கு விடை தெரியாமல் மாத்திரைகளை ஒப்பிடுவது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இல்லாதவரோடு ஒப்பிட்டால் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு. நோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஆனால் வந்த பிறகு கூடுதலாகப் பாதிக்கப்படுவது பெண்கள், குறிப்பாக முதிய பெண்கள். அவர்களுக்குப் பக்கவாதம் அதிகமாக வருகிறது, வந்தால் கடுமையாகவும் வருகிறது. எழுந்து நடமாடுவோர் குறைவு.

இதனால்தான் 2010 முதல் பக்கவாத அபாயத்தைக் கணக்கிடும் புள்ளி முறையில் பெண் என்பதற்கே ஒரு புள்ளி கொடுக்கப்பட்டது. 2024இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் தன் வழிகாட்டுதலில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது. பெண்களுக்கு அபாயம் நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைச் சரியாக எண்ணினாலே யாருக்கு மாத்திரை வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெண் என்பது மற்ற காரணங்களோடு சேரும்போது அபாயத்தைக் கூட்டுகிறதே தவிர, தனியாக நின்று முடிவைத் தீர்மானிப்பதில்லை. இந்த மாற்றம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், புள்ளி போய்விட்டதால் பெண்ணையும் ஆணையும் ஒரே மாதிரி நடத்தலாம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. வேறுபாடு மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் அளவைத் தீர்மானிக்கும் இடத்திலும் அப்படியே இருக்கிறது.

முதலில் ஆஸ்பிரினை ஒதுக்கிவிடலாம். வயதான அம்மாவுக்கு ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயந்து, "ஆஸ்பிரின் மட்டும் போதும்" என்று கேட்கும் பிள்ளைகள் பலர். 2011இல் வெளியான அவெரோஸ் ஆய்வில் 5,599 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரினும் மறு பிரிவுக்கு அபிக்சபானும் கொடுத்தார்கள். அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, ஆஸ்பிரின் பாதுகாப்பையும் தரவில்லை, ரத்தக்கசிவிலிருந்தும் காப்பாற்றவில்லை. இந்த நோய்க்கு அதைத் தனி மருந்தாக நம்பி இருப்பது கூடாது.

மிஞ்சுவது இரண்டு வகை. பழைய வகையில் வார்ஃபரினும், நம் பக்கம் அசிட்ரோம் என்ற பெயரில் அதிகம் தெரிந்த அசினோகூமராலும் அடங்கும். வார்ஃபரின் 1954இலேயே மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து. புது வகையில் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான் என்று நான்கு.

பழைய மாத்திரை மலிவு. அதன் உண்மையான விலை பரிசோதனையில் இருக்கிறது. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. அளவு நிலைப்படும்வரை அடிக்கடியும், பிறகு மாதம் ஒரு முறையாவதும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ ஒரு பெண் இதற்காக வருவதை நினைத்துப் பாருங்கள். அவர் தனியாக வருவதில்லை. மகனோ மருமகளோ கூட வர வேண்டும். இருவரின் கூலி போகும். பட்டுப்புழு வளர்க்கும் வீடு என்றால், புழு கடைசிப் பருவத்தில் இருக்கும் நாட்களில் தழை போடும் பெண் வீட்டை விட்டு நகரவே முடியாது. அப்போது தள்ளிப்போவது அவருடைய பரிசோதனைதான். வீட்டில் ஆண் நோயாளி என்றால் இவ்வளவு எளிதாகத் தள்ளிப்போவதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

உணவு இன்னொரு பக்கம். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காக, ராகிக் களியும் கீரைக் கடைசலும் தினசரி உணவாக இருக்கும் வீட்டில் கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வது நல்ல ஆலோசனை அல்ல. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால், அதற்கேற்ப மாத்திரையின் அளவை மருத்துவர் நிர்ணயித்துவிடுவார். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்பதுதான் ஐஎன்ஆரைக் குலைக்கிறது. மாம்பழம் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறியதாகவும் மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாம்பழக் காலத்தில் இதை நினைவில் வைத்து ஒரு பரிசோதனை கூடுதலாகச் செய்துகொள்வது நல்லது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். அது புது மாத்திரைகளின் பலத்தையும் குறைத்துவிடும்.

பெண்களுக்கு ஐஎன்ஆர் நிலையாக நிற்பது ஆண்களைவிடக் கடினம். பழைய மாத்திரையில் யாருக்கு அளவு நிலைக்காது என்று முன்கூட்டியே ஊகிக்க 2013இல் ஒரு புள்ளிக் கணக்கு வந்தது. அதில் பெண் என்றால் 1, வெள்ளையர் அல்லாதவர் என்றால் 2. மொத்தம் 2ஐத் தாண்டினால் அளவு நிலைப்பது சிரமம். புகைபிடிக்காத, வேறு எந்த நோயும் இல்லாத நம் ஊர்ப் பெண் ஒருவர் தொடக்கத்திலேயே 3இல் நிற்கிறார். 2014இல் பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் இதோடு பொருந்துகிறது: வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் பெண்களின் பக்கவாத அபாயம் ஆண்களைவிட அதிகமாகவே இருந்தது. புது மாத்திரைகள் சாப்பிட்டவர்களில் பக்கவாதத்தைப் பொறுத்தவரை அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பெரிய ரத்தக்கசிவும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே இருந்தது. வால்வில் கோளாறு இல்லாத பெண்ணுக்குப் புது மாத்திரையை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மூளை. 2009 முதல் 2013 வரை வெளிவந்த நான்கு பெரிய ஆய்வுகளை, மொத்தம் 71,683 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது புது மாத்திரைகள் பக்கவாதத்தையும் மற்ற உறுப்புகளில் கட்டி அடைப்பதையும் வார்ஃபரினைவிட 19 சதவீதம் குறைத்தன. மூளைக்குள் ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாயிற்று. மரணமும் 10 சதவீதம் குறைந்தது. வயிறு, குடலில் கசிவு மட்டும் சுமார் 25 சதவீதம் கூடியது. இந்த ஆய்வுகளில் பெண்கள் 35 முதல் 40 சதவீதம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கிராமத்து ஒல்லியான மூதாட்டியைப் போன்றவர்கள் அதிலும் குறைவு.

அந்த ஒல்லியான உடம்புதான் புது மாத்திரையின் முக்கியமான சிக்கல். இவை ஓரளவு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. டாபிகாட்ரான் சுமார் 80 சதவீதம், அபிக்சபான் சுமார் 27 சதவீதம். எனவே அளவைத் தீர்மானிக்கச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.0 என்று இருந்தால் எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. 72 வயது, 60 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 உள்ள ஆணின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 57 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது. அதே வயது, அதே 1.0, ஆனால் 42 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 34தான். ரிவராக்சபான் என்றால் ஆணுக்கு 20 மில்லிகிராம், பெண்ணுக்கு 15. கணவனும் மனைவியும் ஒரே பெட்டியிலிருந்து மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. "பாட்டி ஒல்லி, வயதானவர்" என்ற எண்ணத்திலேயே அளவைப் பாதியாக்கிவிடுவது. அபிக்சபானை 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆகக் குறைக்க மூன்று அளவுகோல்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். மேலே சொன்ன 72 வயதுப் பெண்ணுக்குப் பொருந்துவது எடை மட்டுமே. அவருக்கு முழு அளவுதான். காரணமில்லாமல் குறைத்தால் பாதுகாப்புதான் குறையும். எடாக்சபானுக்குக் கணக்கு வேறு: எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தாலே அளவு பாதியாகும். இந்த நான்கில் ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

நான்கில் எது? கிராமத்துப் பெண்களுக்கு அபிக்சபானையே நான் முன்னால் வைப்பேன். சிறுநீரகத்தை அது குறைவாகவே நம்பியிருக்கிறது. வார்ஃபரினோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்விலும் ரத்தக்கசிவு குறைவு. காலை மாலை இரு வேளை என்பது அதன் குறை. ரிவராக்சபான் ஒரு வேளைதான், ஆனால் வயிறு நிறையச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடும் பெண்களும், வாரத்துக்கு ஒரு நாளாவது விரதம் இருக்கும் பெண்களும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நிபந்தனை சிறியது அல்ல. டாபிகாட்ரான் பலருக்கு நெஞ்செரிச்சலைத் தரும். கேப்சூலைத் திறந்து தூளைக் கொட்டிச் சாப்பிடவும் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் வால்வு நன்றாக இருக்கும் பெண்ணுக்கு. இப்போது வேறு பெண்ணிடம் வருகிறேன்.

சிறு வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து, கவனிக்காமல் விட்டு, பல ஆண்டுகள் கழித்து மிட்ரல் வால்வு சுருங்கிப்போய் மூச்சிரைப்போடு வருபவர் அவர். ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற இந்த வால்வுச் சுருக்கம் பெண்களிடம்தான் அதிகம். பணக்கார நாடுகளில் இது அரிதாகிவிட்டது. நம் நாட்டில் இல்லை. முன்பு சொன்ன நான்கு பெரிய ஆய்வுகளிலும் கடுமையான மிட்ரல் சுருக்கம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் புது மாத்திரையின் நல்ல எண்கள் எதுவும் இந்தப் பெண்ணுக்குச் சொந்தமில்லை.

இவருக்கான விடை 2022இல் வந்தது. இன்விக்டஸ் என்ற ஆய்வு, இந்தியா உட்பட 24 நாடுகளில், ருமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள 4,500க்கு மேற்பட்டவர்களிடம் நடந்தது. சராசரி வயது 50 சொச்சம். 72 சதவீதம் பெண்கள். ஒரு பிரிவுக்கு ரிவராக்சபான், மறு பிரிவுக்கு வார்ஃபரின் வகை மாத்திரை. புது மாத்திரை வெல்லும் அல்லது சமமாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். ரிவராக்சபான் பிரிவில் 552 பேர் இறந்தார்கள், பழைய மாத்திரைப் பிரிவில் 442 பேர். பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களின் ஐஎன்ஆர் எப்போதும் இலக்கில் இருந்ததும் இல்லை. அப்படியிருந்தும் அவர்களே அதிகம் பிழைத்தார்கள். பரிசோதனைக்காக மாதாமாதம் மருத்துவமனைக்கு வந்துபோனதே இதயச் செயலிழப்பைக் கவனித்துச் சரிசெய்ய உதவியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதே விடைதான், இன்னும் கண்டிப்பாக. டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வில் கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் அதை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. முடிவுகள் 2013இல் வெளியாயின.

ஆகவே மிட்ரல் சுருக்கம் நடுத்தரமோ கடுமையோ உள்ள பெண்ணிடம், "பரிசோதனைத் தொல்லை இல்லாத மாத்திரைக்கு மாறிவிடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு யாரும் மாற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொல்லை இருக்கிறது, அதைக் குறைக்க வழி தேடுவோம். தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. ஒவ்வொரு முறையும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிய காலம் இது அல்ல. பெரிய மருத்துவமனையில் மாத்திரையின் அளவை நிலைப்படுத்திக்கொண்டு, மாதாந்திர ஐஎன்ஆரை அருகிலுள்ள ஊரில் பார்த்து, முடிவைக் கைப்பேசியில் அனுப்பி அளவைக் கேட்டுக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ரத்தம் கொடுக்க முடிகிறவர் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

இன்விக்டஸில் இருந்ததைப் போல ஐம்பது வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்கள் என்றால் மாதவிலக்கும் கருத்தரிப்பும் முடிவுக்குள் வந்துவிடுகின்றன. எல்லா உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் மாதவிலக்கை அதிகப்படுத்தலாம்; புது மாத்திரைகளில் ரிவராக்சபானில் இது கூடுதல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடம்பில் மாதாமாதம் இன்னும் போகிறது என்பதைப் பெண்கள் மருத்துவரிடம் சொல்வதில்லை, ஆண் மருத்துவர் என்றால் சுத்தமாகச் சொல்வதில்லை. சொல்லுங்கள். ஹீமோகுளோபினைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பத்தில் பழைய மாத்திரை, முக்கியமாக ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, கருவைப் பாதிக்கும். புது மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தவிர்க்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, நாள் தள்ளிப்போவதற்கு முன்பே, மருத்துவரிடம் பேச வேண்டும். தாங்களாகவே நிறுத்துவது மட்டும் கூடாது.

நம் மாவட்டங்களுக்கென்றே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் மூட்டும் முதுகும் வலித்து, வலி மாத்திரையைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொண்ட பெண்கள் இங்கே ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். ஏற்கெனவே தேய்ந்த மூட்டுகளின் வலி அதனால் போய்விடவில்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை எந்த உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்த்தாலும் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சிறுநீரகமும் கெட்டு, புது மாத்திரை உடம்பில் தேங்கும். எந்த மாத்திரை என்று மணிக்கணக்கில் யோசித்துவிட்டு, பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் யோசித்ததெல்லாம் வீணாகும். பாராசிட்டமாலை, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில், பயன்படுத்துங்கள்.

எண்பதைத் தாண்டி, உடல் மிகவும் தளர்ந்து, பழைய மாத்திரையிலேயே ஐஎன்ஆர் நிலையாக இருக்கும் பாட்டிகளை என்ன செய்வது? 2023இல் நெதர்லாந்தில் சராசரி 83 வயதுடைய தளர்ந்த முதியவர்களைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிப் பார்த்தார்கள். மாறியவர்களுக்கு ரத்தக்கசிவு கூடியது; மாற்றுவதால் நன்மை தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதைத் தொடர விடலாம். ரத்தம் உறையும் அந்த இடது மேலறைச் சிறு பையைக் கருவி வைத்து அடைக்கும் சிகிச்சை, எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் யோசிக்க வேண்டியது. செய்யும்போது ஏற்படும் சிக்கல்கள் அதிலும் பெண்களுக்கே அதிகம்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் இரண்டு வகையும் மூளைக்குள் கசிவைக் கொண்டுவரும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வரும்போது, இதயத்துக்கு வேறு மாத்திரையும் சாப்பிடுவதாக அந்த ஊழியரிடம் சொல்லி, அழுத்தத்தை அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் கையில் காசில்லை என்று நான்கு நாள் விட்டால் அந்த நான்கு நாளும் பாதுகாப்பே இல்லை. வாங்க முடியாத மாதம் வரும் என்று முன்பே தெரிந்தால், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மலிவான கம்பெனித் தயாரிப்பையோ, அதுவும் முடியாவிட்டால் பழைய மாத்திரையையோ கேட்டு வாங்குங்கள். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெண்ணின் சுருக்குப் பையிலேயே வைத்துவிடுங்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழைத்து அந்தச் சீட்டோடு போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க அங்கே அவர்கள் கேட்கப்போவது அந்த மூன்றைத்தான்.